தறிக்காரர் வீட்டு ராஃப்டிங் வீடியோ

ஆடி மாதம் வந்தால் என் ஸ்டுடியோவில் கேமராக்களுக்குத் தூக்கம்தான். கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது. ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் காவடி எடுப்பவர்கள் பின்னால் மலைப்படி ஏறி இறங்கிப் படம் பிடிப்பேன். அது முடிந்ததும் திருத்தணி மலையடிவாரத்தில் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பகலில் என் சிநேகிதன் பள்ளிப்பட்டிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "மச்சான், ராஃப்டிங் போறோம். நீதான் ஷூட் பண்ற" என்றான்.

"எங்க? உங்க ஊரு ஆத்துலயா?" என்றேன்.

அந்த ஆற்றில் ஆந்திராக்காரர்கள் மேலே அணையைத் திறந்தால் தண்ணீர் வரும். மற்ற நாளெல்லாம் கிரிக்கெட். இவன் பந்து போடக் கற்றுக்கொண்டதே அந்த மணலில்தான்.

"நக்கலு பண்ணாத. குடகு. வேன் பேசியாச்சு."

அவனுக்கு ஆவணியில் கல்யாணம். பெண்ணும் பையனுமாக ஊட்டி, கொடைக்கானல் என்று போய்க் கைகோர்த்துக்கொண்டு வீடியோ எடுப்பதுதான் இப்போது வழக்கம். பெண் வீட்டில் கேட்டதற்கு, "தாலி ஏறட்டும், அப்பால எங்க வேணா கூட்டினு போங்க" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். இவனுக்கோ கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வீடியோ வேண்டும். பெண் வராவிட்டால் போகிறது, சிநேகிதர்களோடு ஆற்றில் போய் நலங்கு வைத்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டான். ஒரே நிபந்தனை அவன் அப்பாவிடமிருந்து வந்தது. பந்தக்கால் நட்டுக் கையில் காப்புக் கட்டிவிட்டால் அந்த வீட்டில் மாப்பிள்ளையும் சரி, மாப்பிள்ளையின் அப்பாவும் சரி, கல்யாணத்துக்குப் புறப்படும் வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. போவதென்றால் அதற்கு முன்னால் போய்த் தொலைந்துவிட்டு வந்துவிட வேண்டும்.

அவன் அப்பாவை அவன் 'நைனா' என்பான். நானும் அப்படியே கூப்பிடுவேன். அவர் என்னைக் கூப்பிடுவது 'மடப்பள்ளி' என்று. எங்கள் வீட்டார் மலைக்கோயிலுக்குப் பரம்பரையாகப் பொங்கலும் புளியோதரையும் கிளறுகிறவர்கள். நான் கரண்டியை விட்டுவிட்டுக் கேமராவைப் பிடித்தவன். அவருக்கு அதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. "வா மடப்பள்ளி, சாப்ட்டியா?" என்பார், நான்தான் ஊருக்கே சோறு போடுகிறவன் மாதிரி.

அந்த வீட்டு முன்பகுதி முழுவதும் விசைத்தறி. தறி ஓடினால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே வாய் அசையும், குரல் வராது. இந்தக் கோடித் தறியிலிருந்து அந்தக் கோடித் தறிக்கு, இன்று என்ன குழம்பு என்பதிலிருந்து யார் வீட்டில் என்ன சண்டை என்பது வரை உதட்டிலேயே பேசி முடித்துவிடுவார்கள். கேள்வியா பதிலா என்பதைப் புருவம் சொல்லிவிடும். நான் போய் நின்றால், என் மூஞ்சிக்கு நேராகவே என்னைப் பற்றி ஏதோ பேசிச் சிரிப்பார்கள். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல தம்பி, நல்லா கீறன்னு சொன்னோம்" என்பார்கள். நம்புகிற மாதிரியா இருக்கும்? எரிச்சல் எரிச்சலாக வரும். எத்தனையோ வருடமாகப் போகிறேன், ஒரு வார்த்தை பிடிபட்டதில்லை.

குடகுக்கு வேன் கிளம்புவதற்கு முன்பே எனக்கு ஒரு விஷயம் தெரியும். மாப்பிள்ளைக்குக் கல்யாணக் களையே இல்லை. காரணம் அவன் அக்கா.

அக்காவைக் கனகம்மாசத்திரத்தில் கொடுத்திருக்கிறார்கள். அவள் வீட்டுக்காரரை இவன் 'பாவா' என்பான். மெயின் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன், ஆனால் எதையும் யோசிக்காமல் செய்கிறவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் புது வீடு கட்டிப் புண்ணியார்ச்சனை வைத்தார்கள். கடையில் வேலை தலைக்கு மேல் இருந்ததால், பத்திரிகையைப் படம் பிடித்து எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். அந்த எல்லோரில் மாமனாரும் ஒருவர். சேலை டிசைன்களுக்கும் குட்மார்னிங் ரோஜாப்பூக்களுக்கும் நடுவில் மகள் வீட்டுப் பத்திரிகையைப் பார்த்த நைனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொண்ணு குடுத்தவன் நான். வெத்தல பாக்கு வெச்சு வூட்டுக்கு வந்து கூப்டணும். ஃபோன்ல ஃபோட்டோ அனுப்பறான். நான் இன்னா அவன்கிட்ட டயர் வாங்கறவனா?"

போகவில்லை. வீட்டில் யாரையும் போகவிடவும் இல்லை. அங்கே அக்கா பால் காய்ச்சாமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஐயர் நேரமாகிறது என்று கத்திய பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தாளாம். அன்றைக்கு அவள் ஒரு முடிவு எடுத்தாள். நைனா தன் வாசலுக்கு வந்து வாய் திறந்து கூப்பிட்டால் ஒழிய அந்த வீட்டுப் படி மிதிப்பதில்லை. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த மகள்.

இப்போது தம்பி கல்யாணம். தாலி கட்டும்போது மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போடுவான். மற்ற முடிச்சுகளை அவனுடைய அக்கா தங்கை போட வேண்டும், நாத்தனார் முடிச்சு என்பது அதுதான். அதற்காகவாவது நைனா இறங்கி வருவார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் என்ன செய்தார் தெரியுமா? பத்திரிகையைக் கூரியரில் அனுப்பினார்.

"அவன் ஃபோன்ல அனுப்பினான். நான் கூரியர்ல அனுப்பறேன். அவனுக்கு என்னுது ஒரு படி மேல" என்று பெருமை வேறு.

அக்கா கையெழுத்துப் போடாமல் அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள். தம்பிக்கு ஃபோன் பண்ணி, "கூரியர்காரன் கூப்ட்டா நான் வரணுமாடா?" என்று கேட்டுவிட்டு அழுதாளாம். நைனா அசரவில்லை. முடிச்சுப் போடத் தன் தம்பி மகளை ஏற்பாடு செய்துவிட்டார். காலேஜில் படிக்கிற பெண். அதுவும் சந்தோஷமாக அதற்கென்றே ஒரு புடவை எடுத்துவிட்டது.

என் சிநேகிதன் நைனா முன்னால் வாய் திறக்க மாட்டான். மற்ற இடத்தில் எல்லாம் வாய் காது வரைக்கும் இருக்கும். அவரைக் கண்டால் பூட்டுத்தான். "நீ சொல்லேன்டா" என்று என்னிடம் கெஞ்சினான். நான் என்ன சொல்வது? அடுத்த வீட்டு அப்பன் மகள் சண்டையில் கேமராக்காரனுக்கு என்ன வேலை?

குடகில் அந்த ஆற்றைப் பார்த்ததும், கரையிலிருந்தே எடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், ஒருத்தனும் விடவில்லை. எனக்குத் தெரிந்த தண்ணீர் சரவணப் பொய்கைப் படியில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்துப் போடுகிற முழுக்கு. இதுவோ காப்பி நிறத்தில், பாறைக்குப் பாறை எகிறிக்கொண்டு போகிறது. எங்கள் படகை நடத்த வந்த ஆள் குடகுக்காரர். அவர் பேசியதில் கன்னடம் பாதி, இங்கிலீஷ் பாதி. பட்டையான ஆரஞ்சு கலர் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டி, தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, "ஃபார்வர்ட் சொன்னா ஃபார்வர்ட், ஸ்டாப் சொன்னா ஸ்டாப்" என்று பாடம் எடுத்தார்.

படகில் இருந்தவர்களில் என்னைத் தவிர எல்லோரும் பள்ளிப்பட்டுத் தறிக்காரர்கள். விசைத்தறி வருவதற்கு முன்னால் சின்ன வயதில் கைத்தறி மிதித்துப் பழகியவர்கள், துடுப்பைக் கையில் கொடுத்ததும் கையோடு காலும் சேர்ந்து போய்விட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் படகின் அடியில் ஓர் உதை. ரப்பர் படகு நொண்டிக்கொண்டே போயிற்று. குடகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "லெக் நோ! லெக் நோ! ஹேண்ட் ஒன்லி!"

நான் முன்னால் உட்கார்ந்து, பின்பக்கம் திரும்பி, தண்ணீர் புகாத பெட்டிக்குள் போட்ட சின்னக் கேமராவால் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டிக்குள் போனால் கேமரா செவிடு. மைக்கில் ஒரே கடகடவென்ற இரைச்சல்தான் ஏறும். போகட்டும், எப்படியும் பாட்டுத்தான் போடப் போகிறோம் என்று நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பாதி வழியில் ஆறு கொஞ்சம் அகலமாகிப் படகு நின்றது. அங்கேதான் நலங்கு. மஞ்சள், குங்குமம், சந்தனம் எல்லாம் டப்பாவில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளையை நடுவில் உட்காரவைத்து, கன்னத்தில் மஞ்சளை அப்பி, ஹெல்மெட்டுக்கு மேலேயே அட்சதை போட்டார்கள். ஆரத்தி எடுக்கக் கற்பூரம் இருந்தது, லைட்டர் நனைந்துபோயிருந்தது. அவனுடைய சித்தப்பா மகன் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த செல்ஃபோனில் டார்ச்சை எரியவிட்டு மூன்று சுற்றுச் சுற்றினான். அந்தப் புண்ணியவான்தான் முடிச்சுப் போடப் புடவை எடுத்து வைத்திருந்த காலேஜ் பெண்ணின் அண்ணன். குடகுக்காரர் இது என்ன பூஜை என்று கேட்டார். பதில் சொல்வதற்குப் பதிலாக அவர் மூஞ்சியிலும் ஒரு கை மஞ்சள் பூசிவிட்டார்கள். மனுஷன் குழந்தை மாதிரி சிரித்தார். எங்கள் வீட்டில் கட்டிக் கொடுத்த புளியோதரையை அவருக்கும் ஒரு உருண்டை கொடுத்தோம். கோயில் மடப்பள்ளி வழக்கப்படி ருசி பார்க்காமல் கிளறியது. உப்பு சரியாகத்தான் இருந்தது, அதில் எனக்கு ஒரு கர்வம்.

அதற்கு அடுத்து வந்ததுதான் பெரிய இறக்கம். அதைத் தாண்டியதும் படகு ஒரு பாறை ஓரமாக ஒதுங்கியது. பக்கத்தில் தண்ணீர் விழும் சத்தம் காதை அடைத்தது. என் சிநேகிதன் என் கேமராவுக்கு நேரே உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் தண்ணீர், கன்னத்தில் மஞ்சள் ஓடியிருந்தது, மரங்களுக்கு நடுவிலிருந்து வெயில் அவன் மேல் விழுந்தது. அவன் எதிரே இருந்த சித்தப்பா மகனைப் பார்த்து ஏதோ பேசினான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன. எனக்கு வெளிச்சம் கிடைத்துவிட்டது. அவன் கண்ணை மூடித் திறக்கிற வரைக்கும் விடாமல் எடுத்தேன். இப்படி ஒரு ஷாட் வருடத்துக்கு ஒன்று கிடைத்தால் பெரிசு.

ஊருக்கு வந்ததும் ஸ்டுடியோவில் உட்கார்ந்து அதை இழைத்து இழைத்துச் செய்தேன். அந்தக் குளோசப்பை ஸ்லோ மோஷனில் போட்டேன். அடியில் உருகி உருகி ஒரு வயலின். பார்ப்பவர்கள் இவன் வரப்போகிற பெண்டாட்டியை நினைத்து ஏங்குகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். அவனுக்குக் காட்டவில்லை. நலங்கு வைக்கிற அன்று எல்லோரோடும் சேர்ந்து பார்க்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

பந்தக்கால் நட்டாயிற்று. மகன் கையிலும் நைனா கையிலும் மஞ்சள் கயிறு காப்பு. அன்று சாயங்காலம் நலங்கு முடிந்ததும் பந்தலில் வெள்ளை வேட்டியைக் கட்டி, புரொஜெக்டரை வைத்தேன். தறிகளுக்கெல்லாம் விடுமுறை. தறி ஓட்டுகிற பெண்கள், தெருக்காரர்கள், சொந்தக்காரர்கள் என்று பந்தல் நிறைந்திருந்தது. நைனா முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

வீடியோ ஓட ஆரம்பித்ததுமே பந்தலில் சிரிப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. சரி, ரசிக்கிறார்கள் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். பிறகுதான் கவனித்தேன், நான் சிரிப்புக்காக வைத்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. துடுப்பைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வீராதிவீரர்களாகப் போகிற இடத்தில் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரிக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தறிக்கார அம்மாவிடம், "இதுல இன்னாம்மா சிரிப்பு?" என்று கேட்டேன்.

"அந்த கடேசில கீற பையன் இன்னா சொல்றான் பாரு. 'ஒண்ணுக்கு வருதுடா, கரைல நிறுத்தச் சொல்லுடா'ன்னு அழுவுறான்" என்றாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டுப் போட்டு மூடிவிட்டோம் என்று நான் நினைத்த ஒவ்வொரு வார்த்தையையும் இவர்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். பந்தலிலேயே படிக்கத் தெரியாதவன் நான் ஒருவன்தான். ஐயோ, வேறு என்னென்ன பேசித் தொலைத்தார்களோ என்று நினைப்பதற்குள் குளோசப் வந்துவிட்டது. வேட்டி முழுக்க என் சிநேகிதன் முகம். வயலின் உருகுகிறது. உதடு மெல்ல, மிக மெல்ல அசைகிறது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுப்பது போல ஒவ்வொரு எழுத்தாக.

சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னாம்மா சொல்றான்?" என்று கிசுகிசுத்தேன்.

அந்த அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அவன் உதடு அசைய அசைய எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். "'அக்கா வந்து முடிச்சு போடலன்னா... எனக்கு அது பாதித் தாலிதான்டா... நைனாவுக்கு வீம்பு. அக்காவுக்கு அதவிட வீம்பு. நடுவுல நான் செத்துகினு கீறேன்... நைனா ஒரே ஒரு தடவ வாம்மான்னு கூப்ட்டா போதும்... அவ செருப்புகூட போடாம ஓடியாந்துடுவா... எனக்கு அவர்கிட்ட சொல்ல வாய் வரலடா...'"

மாப்பிள்ளை நலங்கு மஞ்சளோடு எழுந்து நின்றுவிட்டான். "டேய் பாவி, நிறுத்துடா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எந்தப் பட்டனை அமுக்கினேனோ, படம் அவன் கண் மூடிய இடத்தில் அப்படியே நின்றது.

நைனா திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே, "மடப்பள்ளி, இன்னொரு தடவ போடு" என்றார்.

"நைனா, அது வந்து..."

"போடுன்னேன். அந்தப் பாட்ட நிறுத்திட்டுப் போடு."

போட்டேன். சத்தமே இல்லாமல் ஓடியது. மாப்பிள்ளையின் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். முடிந்ததும் நைனா எழுந்து, யாரையும் பார்க்காமல், வீட்டுக்குள் போய்விட்டார். போச்சு, கல்யாண வீட்டில் கொள்ளி வைத்துவிட்டோம் என்று புரொஜெக்டர் ஒயரைப் பிடுங்கினேன். மாப்பிள்ளை என் சட்டையைப் பிடித்தான். அவனை அடிப்பதா, நான் அடிவாங்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நைனா வெளியே வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை.

"மடப்பள்ளி, வண்டிய எடு."

மாப்பிள்ளையின் அம்மா குறுக்கே வந்தாள். "காப்பு கட்டிகினு எங்க போறீங்க? எல்லைய தாண்டக்கூடாது."

"தாண்ட மாட்டேன். எல்லை வரைக்கும் போலாமில்ல?"

தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்தார். ஊர் எல்லையில் எல்லையம்மன் கோயில். அதன் முன்னால் ரோட்டோரம் வண்டியை நிறுத்தினேன். "அதுக்கு ஃபோன் போடு. மூஞ்சி தெரியற மாதிரி போடு" என்றார். தாமதமில்லாமல் அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். அக்கா அடுப்படியில் இருந்தாள், கையில் மாவு. என் முகத்தை எதிர்பார்த்தவள் அங்கே நைனாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

நைனா வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. தறிச் சத்தத்தையே மிரட்டுகிற தொண்டை அது. ஒருமுறை செருமினார், இன்னொருமுறை செருமினார், ஒன்றும் வரவில்லை. பிறகு உதடு மட்டும் அசைந்தது. அந்தப் பக்கம் அவள் உதடும் அசைந்தது. நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நடுவில் மரம் போல நிற்கிறேன். அவள் மாவுக் கையாலேயே கண்ணைத் துடைக்கிறாள். எனக்கு ஒரு எழுத்துப் புரியவில்லை, ஆனாலும் கண் கலங்கிவிட்டது. சொன்னால் என்ன, அழுதேன்.

கால் முடிந்ததும், "இன்னா நைனா கேட்டீங்க?" என்றேன்.

"வரியாம்மான்னு கேட்டேன்."

"அக்கா இன்னா சொல்லுது?"

"அங்கயே நில்லு, வரேன்னுது."

நின்றார். கோயில் திண்டில் உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்றார். தாம்பாளத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றேன், தரவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம், "இன்னா நைனா, தட்டோட நிக்கறீங்க?" என்று கேட்டார்கள். "பொண்ணு வருது" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

கோயில் விளக்குப் போட்டு வெகுநேரம் கழித்துப் பாவாவின் வண்டி வந்தது. பின்னால் அக்கா. கோயிலைத் தாண்டி இந்தப் பக்கம் வரப் பார்த்தவரை, நைனா கையைக் காட்டி அந்தப் பக்கமே நிறுத்தினார். பாவாவுக்கு முகம் சுருங்கிவிட்டது, மறுபடியும் சண்டை என்று நினைத்துவிட்டார். நைனா எல்லை வரை நடந்துபோய்த் தாம்பாளத்தை நீட்டினார்.

"மாப்ள, உங்க வாசலுக்கு வந்து கூப்டணும். கைல கயிறு கட்டிட்டாங்க, இதுக்கு மேல கால் வெக்க முடியாது. நீங்க நிக்கற எடத்தயே உங்க வாசல்னு நெனச்சிக்கங்க. கல்யாணத்துக்கு வாங்க."

பாவா கடையிலிருந்து நேராக வந்திருந்தார். கையெல்லாம் டயர்க் கரி. அதைச் சட்டையிலேயே துடைத்துத் துடைத்துவிட்டு, "மாமா, அன்னிக்கி நான் வந்து கூப்ட்டிருக்கணும், புத்தியில்லாம பண்ணிட்டேன்" என்றபடி தட்டை வாங்கினார். அக்கா நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் காலில் செருப்பு இருந்ததா என்று நான் குனிந்து பார்த்தேன். இருந்தது. தம்பி கொஞ்சம் அதிகமாகத்தான் சொல்லிவிட்டான்.

கல்யாணம் திருத்தணியில், என் கடையிலிருந்து கூப்பிடு தூரத்து மண்டபத்தில். சித்தப்பா மகளுக்கு முகம் வாடிவிடக் கூடாதே என்று அக்காவே கூப்பிட்டு, தாலி கட்டும்போது பின்னால் விளக்குப் பிடிக்கிற வேலையைக் கொடுத்திருந்தாள். அந்தப் பெண் புதுப் புடவையில் விளக்கோடு நின்றது. நான் கேமராவோடு மணவறைக்குப் பக்கவாட்டில் இடம் பிடித்தேன். கெட்டிமேளம் எழுந்தது. மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டுக் கையை எடுத்தான்.

அடுத்ததை அக்கா வாங்கினாள். தன் கல்யாணத்துக்கு முன்னால் அவள் தறியில் நின்றபோது, அறுந்த இழையை நாம் கண் சிமிட்டுவதற்குள் முடிச்சுப் போட்டுவிடுகிற கை அது. நான் அதை ஒரு முறை வீடியோ எடுக்க முயன்று தோற்றிருக்கிறேன். இன்றைக்கு அந்தக் கை கயிற்றைப் பிடித்தது, நீவியது, சரிபார்த்தது, மறுபடி நீவியது. முடிச்சு விழுவதாகக் காணோம். அட்சதை போட்டவர்கள் போட்டுத் தீர்ந்துபோய்க் காலித் தட்டோடு நின்றார்கள். ஐயர் குனிந்து, "சீக்கிரம்மா, நாழியாறது" என்றார்.

"இருங்க சாமி!" அக்காவின் குரல் கெட்டிமேளத்தைத் தாண்டிக்கொண்டு மண்டபம் முழுக்கக் கேட்டது. "எங்க நைனா வந்து கூப்ட்டு நான் போடற முடிச்சு. நிதானமாத்தான் போடுவேன்."

நைனா மேளக்காரர்களைப் பார்த்து, நிறுத்தாதீங்க, வாசிங்க என்று கையைக் காட்டினார். பாவம், தவில்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. அவள் முடித்துக் கையை எடுக்கிற வரைக்கும் அவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.